எந்த நீர்வீழ்ச்சிக்கு அப்புறம் சொல்வது

ஐப்பசி மாதத்தில் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் கொழும்புக்காரர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி பிசகியவர்களாக இருக்க வேண்டும். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவுவதற்குள் இடி இடித்துக் கொட்டும். அந்த மாதத்தில்தான் நானும் அண்ணனும் அம்மாவை ட்ரிப் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டோம்.

உண்மையில் அது ட்ரிப் அல்ல. கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான ஒரு காம்பராவில், அம்மா தனியாக இருந்தாள். போன வருட மழையில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கே போவது என்பதை மட்டும் எழுதவில்லை. மழை கனத்தால் லயத்தார் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போவார்கள், மழை விட்டதும் திரும்பி வருவார்கள். கொட்டகலையில் என் வீட்டுக்கு வாங்க என்றால், மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் போய் உட்கார மாட்டேன் என்பாள் அம்மா. கொழும்பில் அண்ணன் வீடு மாடியில் இருக்கிறது, அங்கே மூச்சு முட்டும் என்பாள். கெஞ்சினோம், கத்தினோம். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. செத்தால்தான் கிளம்புவீங்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அம்மா கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் இந்த யோசனையைச் சொன்னான். தீபாவளி லீவில் வேன் எடுத்து வருவான். ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி அம்மாவை ஏற்றி, அப்படியே கொழும்புக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பாதை போடும் வேலை என் தலையில் விழுந்தது. நானுஓயா, தலவாக்கலை, ரோட்டோரத்து நீர்வீழ்ச்சிகள், ஹட்டன், கினிகத்தேனை. எங்கே நிறுத்தினால் அம்மா கொஞ்ச தூரம் நடக்கலாம், எங்கே நல்ல டீ கிடைக்கும், எங்கே டாய்லட் சுத்தமாக இருக்கும் என்றெல்லாம் போனில் பேசினோம். மற்றவர்கள் எங்கே படம் எடுப்பது என்று யோசிப்பார்கள். எங்களுக்கோ, எந்த நீர்வீழ்ச்சிக்கு அப்புறம் உண்மையைச் சொல்வது என்பதுதான் கவலை. முதலாவதிலேயே சொல்லிவிடலாம் என்றான் அண்ணன். ஹட்டன் தாண்டும்வரை மூச்சு விடாதே, அதற்கு முன்னால் சொன்னால் இறங்கி பஸ் பிடித்துத் திரும்பிவிடுவாள் என்றேன். பெற்றவளைக் கடத்தத் திட்டம் போடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

அம்மாவின் சந்தோஷத்தைத்தான் தாங்க முடியவில்லை. நடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதற்காக டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போய் கான்வஸ் சப்பாத்து வாங்கி வைத்தாள். ஆயுசு முழுக்க மலையில் கொழுந்து பறித்தவளுக்கு ஏறுவதற்குச் சப்பாத்தா என்று கேலி செய்தேன்.

"அது வேலைக்கு ஏறுனது. இது சும்மா ஏறுறது," என்றாள்.

கதிர்காமத்தைத் தவிர அவள் ஊர் பார்க்க எங்கேயும் போனதில்லை. லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கோழிகளைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்தாள். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துக் கட்டினாள். வேனில் ஏறும்போது, ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று வாசலில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தம் எதிர்மலை. இப்போது வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வரும் இடம் அது. தேயிலைக்கு நடுவே சின்ன நடைதான். அங்கிருந்து எங்கள் லயம் முழுசாகத் தெரியும், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நான்தான் அதைச் சேர்த்தேன். அம்மா எங்களுக்கு முன்னால் ஏறினாள்.

மேலே போனபோது பனி விலகிக்கொண்டிருந்தது. லயத்தில் நின்று பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். இங்கிருந்து பார்த்தால் மலை உச்சியிலிருந்து கூரைவரைக்கும், வெடித்த குதிகால் மாதிரி, சிவப்பாகப் பிளந்து கிடந்தது. பாதித் தேயிலை சாய்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே கூரைகளில் அடுப்புப் புகை எழுந்தது. இவ்வளவு பெரிது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது.

அதற்கு மேல் அண்ணனால் நடிக்க முடியவில்லை.

"அம்மா, இனி அங்க போக வேணாம். ஒங்களக் கொழும்புக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்."

திட்டுவாள், அழுவாள், அங்கேயே உட்கார்ந்துகொள்வாள் என்று எதற்கும் தயாராக நின்றேன். அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்தாள். உதடு அசைந்தது. அந்தந்த வீட்டு ஆட்களின் பேரைத்தான் சொல்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"தம்பி, வேன்ல எத்தன பேரு ஒக்காரலாம்?" என்று அண்ணனைக் கேட்டாள்.

நாங்கள் போட்ட திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. பன்னெண்டு பேரு என்று அண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"லயத்துல கைப்புள்ள வச்சிருக்கிறவங்க மொதல்ல வரட்டும்," என்றாள் அம்மா. "நான் கடைசில வர்றேன்."