ஸ்கொட்லாந்தால் வந்த கரைச்சல்

மொன்றியலில் நான் இருப்பது சென்ட் லோரன்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில். ஜன்னல் தரையோடு ஒட்டியிருக்கிறது. மாரியில் பனி அதை மூடிவிட்டால், விடிந்ததா இல்லையா என்று போனைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கொழும்பு, தோகா, கிளாஸ்கோ என்று ஓடியிருக்கிறேன். ஓரிடத்தில் கொஞ்சக்காலம் இருந்தாலே எனக்குக் கால் அரிக்கும். ஆனால் இந்த அறையை விட்டு அசைய முடியவில்லை. காரணம் மேல்தளத்தில் இருந்தார்.

வீட்டுக்கார அண்ணை எங்கள் ஊர்க்காரர். அவருடைய வளவும் எங்கள் வளவும் ஒரே வேலி. கனடாவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தபோது, காலையில் கிணற்றடியில் நின்று பல் தீட்டிக்கொண்டிருந்தவர், வெள்ளை வாகனத்தில் வந்தவர்கள் என்னைச் சட்டையில்லாமல் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டார். இப்போது ஊரை விட்டு வெளியே இருப்பவர்களில் அதைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். அவர்கள் என்னை விட்டபிறகு எப்படியோ கனடா வந்து அகதி வழக்குப் போட்டேன். விசாரணை முடியுமட்டும் கடவுச்சீட்டு குடிவரவு அதிகாரிகளிடம். என் வழக்கறிஞர் சொன்னது ஒன்றுதான்: "அந்த அண்ணையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாட்சி சொல்லாவிட்டால் உங்களிடம் வெறும் வாய்தான் இருக்கும்."

விமான நிலையம் இருக்கிற டோர்வலில், விமானச் சாப்பாடு செய்கிற இடமொன்றில் தட்டுக் கழுவினேன். வேலை முடிந்தால் பஸ், பிறகு பேஸ்மென்ட். அண்ணை என்ன சொன்னாலும் தலையாட்டினேன். பனி தள்ளினேன், புல் வெட்டினேன், அவருடைய சங்கத்துக்குக் கதிரை அடுக்கினேன்.

அந்த ஊர்ச்சங்கத்துக்கு அண்ணைதான் தலைவர். ஒவ்வொரு வருடமும் வாணி விழாவில் பட்டிமன்றம் நடக்கும். முந்தின வருடம் நம் நாட்டு அரசியலைத் தலைப்பாக எடுத்து, மண்டபத்தில் கதிரை பறந்ததாம். எங்கள் மாகாணமான கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதைப் பற்றி வைக்கவும் முடியாது, நகரசபைக்காரர் விருந்தினராக வருகிறார். ஆகவே அண்ணை தூரத்தில் ஒரு நாட்டைத் தேடிப் பிடித்தார். ஸ்கொட்லாந்து தனிநாடானால் அயல்நாடுகளுக்கு நன்மையா, தீங்கா? அது எவரையும் சுடாது என்று நினைத்தார்.

ஒருநாள் படியில் இறங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி, நீ கிளாஸ்கோவில இருந்தனியெல்லே. தீங்கு எண்ட பக்கத்துக்கு ஆள் இல்லை. நீ பேசு."

"அண்ணை, நான் மேடையில பேசினதே இல்லை."

"உனக்கு ஏன் பேச்சு? தீங்கு எண்டு சும்மா நாலு பகிடி விட்டுப்போட்டு இருந்தால் சரி. தீர்ப்பு நன்மைதான். நடுவர் நான்தானே."

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நான் இருந்தது தங்கை வீட்டில். விசா முடிந்தும் நின்றதால் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு தங்கையும் மச்சானும் அங்கே நடத்திய கடையை மூடிவிட்டு, வாடகை குறைவென்று எல்லைக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தில் இருக்கும் கார்லைலுக்குக் குடிபோனார்கள். தங்கைக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்கொட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில். மச்சான் லொறி ஓடுகிறான். இங்கிலாந்தில் சாமான் ஏற்றி, ஸ்கொட்லாந்துக் கரையில் கப்பலேறி, வட அயர்லாந்தில் இறக்குவான். அவளுக்குப் போன் எடுத்து, என்ன பேசலாம் என்று கேட்டேன்.

"அண்ணா, எல்லை எண்டு அங்க ஒண்டுமே இல்லை. ஒரு சின்ன ஆறு, ஒரு போர்டு. நான் சில நாள் போர்டைக் கவனிக்கிறதே இல்லை," என்றாள். "அவங்கள் பிரிஞ்சு ஐரோப்பாவோடை சேர்ந்தால் அதில கேற் போடுவாங்களோ, போடமாட்டாங்களோ, ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை வேலை வெளிநாட்டு வேலை ஆகிடுமோ எண்டும் தெரியாது. வோட்டு ஸ்கொட்லாந்தில இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான். எங்களை ஒருத்தரும் கேக்கப்போறேல்லை."

"பயமா இருக்கோ?"

"பயப்பிட நேரமில்லை. இரவு வேலை."

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நன்மை என்ற பக்கம் பேசியவர் லவாலில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் நடத்துகிற ஒரு பெண்மணி. குழந்தைகளைப் பார்த்துப் பார்த்துக் குரல் பழகியவர், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைவிட, தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டால் நல்லநாளில் பலகாரம் கொடுத்து வாங்கலாம் என்றார். ஸ்கொட்லாந்து போனால், வேல்ஸுக்கும் தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்கும் துணிவு வரும் என்றார். தன்னிலும் சிறிய நாட்டோடு மரியாதையாகப் பேச இங்கிலாந்து பழகும் என்றார். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. எனக்கும் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பிறகு நான் எழும்பினேன். இரண்டு பகிடி யோசித்து வைத்திருந்தேன். முதலாவதைச் சொன்னேன், சிரித்தார்கள். இரண்டாவது மறந்துபோயிற்று. வாயில் வந்தது தங்கையின் கதைதான்.

பெயர் சொல்லாமல், ஒரு வீடு என்று சொன்னேன். பெண்சாதி ஒரு நாட்டில் தூங்கி மற்ற நாட்டில் வேலை செய்கிறாள். புருஷன் மூன்று நாட்டுத் தெருவில் லொறி ஓடுகிறான். எல்லையில் சோதனை வந்தால் அவன் லொறியோடு வரிசையில் நிற்பான். அவனுடைய சாமானுக்குக் காத்திருக்கிற வட அயர்லாந்துக் கடைக்காரன் காலியான கடைத்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தக் கடைக்காரனை ஸ்கொட்லாந்துக்காரரும் கேட்கவில்லை, இங்கிலாந்துக்காரரும் கேட்கவில்லை. பெரியவன் இங்கிலாந்தோடு தனியே மிஞ்சப்போகும் வேல்ஸுக்குத் துணிவு வருமோ, இருக்கிற சத்தமும் அடங்குமோ, அது எனக்குத் தெரியாது. காசு எந்தக் காசு என்று முடிவாகும்வரை முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிக்க வார்க்கிறவளுக்குச் சம்பளம் எதில் வரும் என்பதும் தெரியாது. "தெரியாமல் இருக்கிறதே ஒரு தீங்குதான்" என்றேன். எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அதனால் அதைக் கொஞ்சம் நீட்டிப் பேசிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார்.

"தம்பி, அப்ப எங்கடை சனமும் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டுப்போட்டே தன்ரை உரிமையைக் கேட்டிருக்க வேணும்?"

"நான் எங்கடை சனத்தைப் பற்றிக் கதைக்கேல்லை அண்ணை."

"வேற ஆரைப் பற்றிக் கதைச்சனீர்?"

"ஸ்கொட்லாந்துக்காரர் பிரியவேணுமெண்டால் பிரியட்டும். அது அவையின்ரை உரிமை. பக்கத்தில இருக்கிறவைக்கு என்ன நடக்குமெண்டுதானே தலைப்பு?"

"உம்மடை தலைப்பு விளங்குது. இரும், இரும்."

யாரோ சிரித்தார்கள். யாரோ "காட்டிக்குடுக்கிற கூட்டம்" என்றது தெளிவாகக் கேட்டது. அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்: நன்மையே. அதற்குப் பிறகு அவர் சொன்ன நன்றியுரையில் எல்லாப் பேச்சாளருக்கும் நன்றி இருந்தது, எனக்கு இல்லை.

காரில் வரும்போது அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மெதுவாகத் தொடங்கினார். "அவன் என்ன பிழையாச் சொன்னவன்? கியூபெக் பிரியவோ எண்டு கேக்கேக்கை நீங்களும் வேண்டாமெண்டுதானே வோட்டுப் போட்டனீங்கள்."

"அது வேற, இது வேற," என்றார் அண்ணை. "அப்ப பிள்ளையள் சின்னன்."



அடுத்தநாள் வேலையால் வந்து, சோறு காய்ச்ச மேலே சமையலறைக்கு ஏறினேன். படியின் உச்சியிலிருந்த கதவு திறக்கவில்லை. மேல்பக்கத்தில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தட்டினேன். உள்ளே டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். நான் போய் ஒரு மின்னடுப்பு வாங்கிவந்தேன். ஆனால் உடுப்புத் தோய்க்கிற மெஷின் என் பக்கத்தில், பேஸ்மென்டில் இருந்தது. யாருக்காகப் போட்ட பூட்டோ, அண்ணை அதைத் திறக்க விடாததால் அக்காதான் உடுப்புக்கூடையைச் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் பனிக்குள்ளால் என் வெளிக்கதவுக்கு வரவேண்டியிருந்தது. "இந்த மனிசனுக்கு விசர்," என்று ஒவ்வொரு தரமும் சப்பாத்தைத் தட்டியபடி சொல்லுவார். ஆனால் மேலே போனதும் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லமாட்டார். தங்கைக்குச் சொன்னபோது, "அப்ப அங்கையும் கேற் போட்டாச்சோ?" என்று இரைந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது.

வேறு அறைக்குப் போகலாம் என்று பலமுறை நினைத்தேன். போனால் பகைக்கு நானே முடிச்சுப் போட்டதாகிவிடும். அண்ணையாலும் என்னை வீட்டைவிட்டு எழுப்ப முடியவில்லை. பேச்சுக்காக ஒருவனைத் தெருவில் விட்டான் என்று ஊர் பேசும். அவர் மேலே, நான் கீழே. அவர் நடப்பது எனக்குக் கேட்கும், நான் இருமுவது அவருக்குக் கேட்கும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசலில் காத்து நின்றேன். கண்டதும் காரில் ஏறிப் போய்விட்டார். சாட்சிக்கு வருவாரா என்று அக்காவிடம் கேட்டால், "எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை, தம்பி," என்பார்.

விசாரணை இப்போதெல்லாம் கணினியில்தான். என் அறையில் கட்டிலின்மேல் லப்டொப்பை வைத்து உட்கார்ந்தேன். விசாரிக்கிற அதிகாரி அம்மா அமைதியானவர். முதலில் எழுதிக் கொடுத்ததும் இப்போது வாயால் சொன்னதும் ஓரிடத்தில் பொருந்தவில்லை என்றார். எந்த மாதம் என்னைப் பிடித்தார்கள் என்பதில் நான் தடுமாறினேன். எப்படித் தடுமாறினேன் என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் என் மௌனத்தையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தாரோ என்று தோன்றியது.

பிறகு சாட்சியை அழைத்தார்கள். சாட்சி தனியாக இருக்க வேண்டும் என்பதால் அண்ணைக்கு மேலேயே இணைப்பு அனுப்பியிருந்தார்கள். திரையில் அவருடைய கட்டம் கறுப்பாகவே இருந்தது. காத்திருக்கிறோம் என்றார் அம்மா. என் தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. அங்குமிங்கும் நடந்தார். நின்றார். கதிரை இழுபட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடியும் என்று சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு நெற்றியும் கூரையும் தெரிந்தன. போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல், நெற்றியாகவே இருந்து சாட்சி சொன்னார். அவருடைய குரல் லப்டொப்பிலும் கூரையாலும் இரண்டு தரம் கேட்டது.

கிணற்றடியைச் சொன்னார். வாகனத்தைச் சொன்னார். சட்டையில்லாமல் ஏற்றியதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். இதைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசித் தயாரித்தீர்களா?

"இல்லை," என்றார் அண்ணை. "மூண்டு மாசமா எனக்கும் அவனுக்கும் கதை பேச்சில்லை."

"ஏன்?"

"ஸ்கொட்லாந்தாலை."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். அம்மா கண்ணாடியைக் கழற்றி, தயவுசெய்து விளக்குங்கள் என்றார்.

அண்ணை விளக்கினார். பட்டிமன்றம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். தலைப்பை, மண்டபத்தை, எனக்குக் கொடுத்த பக்கத்தை எல்லாம் சொன்னார். மனிதர் என்னோடு இருக்கிற கோபத்தை எல்லாம் அங்கேயே கொட்டி முடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"சும்மா பகிடி விட்டுப்போட்டு இரு எண்டு நான்தான் சொன்னனான், அம்மா. இவன் கேக்கேல்லை. தனக்குத் தெரிஞ்சதை அப்பிடியே சொல்லி, சபைக்கு முன்னால என்னையும் வெக்கப்படுத்திப்போட்டான். பொய் சொல்லத் தெரிஞ்சவனெண்டால் அண்டைக்குச் சொல்லியிருப்பான். எனக்கும் இந்தக் கரைச்சல் வந்திராது."

அது பிரெஞ்சில் போய்ச் சேர்ந்தது. அம்மா சிரிக்கவில்லை. நன்றி சொல்லி, ஏதோ எழுதினார். முடிவைப் பிறகு எழுத்தில் அனுப்புவதாகச் சொல்லித் திரையை மூடினார்கள்.

நான் வெளியே வந்தபோது அண்ணை வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றார். பனி தள்ளுகிற மற்றச் சவளை எடுத்து நானும் தள்ளத் தொடங்கினேன். "பெரிய உதவி அண்ணை," என்றேன்.

"உதவி இல்லை. கண்டதைச் சொன்னனான்." அவர் நிமிராமலே சொன்னார். "அதுக்காக ஸ்கொட்லாந்து விஷயத்தில நீ சொன்னது சரியெண்டு ஆகாது."

"சரி அண்ணை."

"என்ன சரி? சரியெண்டு நினைக்காமல் சரி சொல்லாதை."

"அப்ப சரியில்லை அண்ணை."

"போடா," என்றார். அவருடைய பக்கத்தை முடித்துக்கொண்டு உள்ளே போனார்.

முடிவு இன்னும் வரவில்லை. கார்லைலில் தங்கை ஒவ்வொரு இரவும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போய்வருகிறாள். நான் தட்டுக் கழுவப் போகிறேன், வருகிறேன். கடவுச்சீட்டு இல்லாமல் என்னால் இப்போது போய்வரக்கூடிய தூரம் டோர்வல்தான்.