நீதிமன்றத்துப் புல்

தோட்டம் வடிவமைப்பது அவள் தொழில். பழைய நீதிமன்றத்தைச் சுற்றியிருந்த சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு, கட்டடம் எழுந்த காலத்தில் அங்கே தழைத்திருந்த செடிகொடிகளையே மறுபடி வளர்க்கும் வேலை கைக்கு வந்தபோது, தலைகால் புரியாமல் குதித்தாள். ஆற்றங்கரைகளில் அலைந்து விதை பொறுக்கினாள். இடுப்புயரப் புல்லும், நடுநடுவே தும்பையும் எழுந்து நின்றன.

அத்தோடு நிம்மதி போயிற்று. வக்கீல்கள் செடிமேலேயே வண்டியை நிறுத்தினார்கள். வாய்தாவுக்கு வந்தவர்கள் பாம்பு வரும் என்று புகார் கொடுத்தார்கள். சொத்து வழக்குக்காக வந்த நாத்தனார், அத்தனை பேர் முன்னால், "இதை நடறதுக்குத்தான் அவ்வளவு படிச்சியா? எங்க கொல்லையில சும்மாவே மண்டிக் கிடக்கு!" என்றாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, 'இவை களைகள் அல்ல' என்று ஒரு பலகை எழுதி நட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், தரை மொட்டையாகக் கிடந்தது. நடுவில் பலகை மட்டும் பளிச்சென்று நின்றது.

அலுவலக மேலாளர் சிரித்த முகத்தோடு வந்தார். "பெரிய நீதிபதி வர்றாரு மேடம். அதான் சுத்தம் பண்ணிட்டோம். உங்க போர்டைக்கூடத் துடைச்சு வெச்சிருக்கோம்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சார்?"

"படிக்காமலா? களை இல்லைன்னு போட்டிருந்துச்சு. அதனாலதான் வேரோட பிடுங்காம மேலாப்புல வெட்டச் சொன்னேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேலிடத்துக்குப் புகார் எழுதினாள், பதில் இல்லை. "விட்டுத் தொலையேன்" என்ற கணவனோடு சண்டை போட்டாள். ஆனாலும் வண்டிகள் ஏறாதபடி கயிறு கட்டி, அந்த மொட்டைத் தரையைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மழை வந்தது. புல் முன்னைவிட அடர்ந்து, பச்சைப்பசேலென்று பொங்கியது. நீதிமன்றத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கு மேலாளர் அதைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் நான் வெட்டி விட்டதோட பலன்!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், அவர் சொன்னது உண்மை என்பதுதான். மழைக்கு முன் ஒருமுறை வெட்டியிருக்கத்தான் வேண்டும். அவள் திட்டத்தில் அது விடுபட்டிருந்தது.

"அடுத்த வருஷமும் வெட்டுங்க சார்," என்றாள், குரலை அடக்கிக்கொண்டு. "ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க."

"உங்களுக்கு எதுக்கு மேடம் வீண் சிரமம்? எங்களுக்குத்தான் கை பழகிடுச்சே!"