சக்கரம் தட்டும் சத்தம்

லாலாகுடா ரயில்வே பட்டறையில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர் என் கணவர் நந்தகுமார். கணீரென்றால் நல்ல சக்கரம், மொத்தென்றால் விரிசல். சொரியாசிஸால் செதில் செதிலாக உதிர்ந்த அவர் தோல், புது மாத்திரையில் வழுவழுப்பானது. அடிக்கடி பிரஷர் பார்க்கச் சொன்னார் டாக்டர். “அதான் ஆறிடுச்சே, நக்கோ, வேணாம்” என்று இந்தப் பிடிவாதக்காரர் போகவே இல்லை.

பட்டறை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பிடும்போது, “யாரோ சக்கரம் தட்டுறாங்க” என்பார். எனக்கு எதுவும் கேட்காது. நேற்று காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் இன்னும் கூடியதாம்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காதில் தட்டுவது அவருடைய நாடித் துடிப்புதானாம்; பிரஷர் எகிறியிருந்தது. “சிலருக்கு இந்த மாத்திரை அப்படிச் செய்யும், இதயத்துக்கு ஆகாது” என்று டாக்டர் வேறு மாத்திரை எழுதினார்.

ஆட்டோவில் அவர் மெதுவாகச் சொன்னார்: “இப்பவும் தட்டுது, ஷோபா. கணீர்னு இல்லை, மொத்துனு கேட்குது.”