கண்ணாடியில் வைத்த பொட்டு

ஐந்தாம் வகுப்போடு பம்பாய்க்கு வந்தவன் நான். தாராவியில் அடுத்தவன் பட்டறையில் பெல்ட் தைத்துத் தைத்தே சொந்தப் பட்டறை போட்டேன். எங்கள் சந்தில் முதன்முதலில் கேமரா வாங்கியவனும் நான்தான். சட்டைப் பையில் அடங்கும் சின்ன டிஜிட்டல் கேமரா. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, எதுவானாலும் "அண்ணாச்சி வந்துட்டாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நான் எடுத்த படம் தொங்காத வீடு அங்கே கிடையாது.

மகளுக்குச் செம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. படித்த குடும்பம். நிச்சயத்துக்கு மாட்டுங்காவில் ஹால் பேசிய அன்று மாப்பிள்ளையின் அண்ணன் சொன்னார்: "மாமா, நீங்க நிம்மதியா உட்காருங்கோ. போட்டோவுக்கு நம்ம ஆள் இருக்கான்."

"உங்க ஆளு வரட்டும். சோறு போட்டு அனுப்புதேன். படம் நான்தான் எடுப்பேன்."

மகள்தான் சமாதானம் பண்ணினாள். "நிச்சயத்துக்கு நீங்க எடுங்கப்பா. நல்லா வந்தா கல்யாணத்துக்கும் நீங்கதான்."

அதற்காகவே பெரிய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினேன். வாங்கிய வாரமே ஆயுத பூஜை. பட்டறை மெஷின்களோடு கேமராவுக்கும் வருஷா வருஷம் சந்தனம், குங்குமம் வைப்பேன். சின்னதில் லென்ஸ் தானே உள்ளே போய் மூடிக்கொள்ளும். பொட்டு மேலோடு நின்றுவிடும். பெரியதில் மூடி தனியாகக் கழன்று கையில் வந்தது. கழற்றிப் போடும் மூடிக்கு எதற்குப் பொட்டு? லென்ஸிலேயே வைத்தேன்.

"கண்ணாடி மேலயா வைக்கிய?" என்றாள் மனைவி.

"மெஷினுக்கு எங்க பொட்டு வைக்கணும்னு எனக்கே சொல்லித் தாரியா நீ?"

நிச்சயத்தன்று காலையில் வேட்டி முனையால் நன்றாகத் தேய்த்துத் துடைத்தேன். கண் வைத்துப் பார்த்தபோது லேசாக மங்கலாகத்தான் இருந்தது. வயதான கண் என்று நினைத்தேன். பின்னால் இருந்த சின்னத் திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது.

மறுநாள் மகள் லேப்டாப்பில் போட்டாள். அத்தனை படமும் கொசுவலைக்குள் இருந்து எடுத்தது போல இருந்தது. மேடை விளக்கு வெளிச்சம் கலங்கி, மாப்பிள்ளைக்கு மூக்கே இல்லை.

"பரவால்லப்பா," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கல்யாணத்துக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. "நம்ம ஆளையே சொல்லிட்டேன் மாமா," என்று மாப்பிள்ளையின் அண்ணனிடமிருந்து போனில் ஒரு வார்த்தை. மகளைப் பார்த்தேன். அவள் மருதாணிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலி கட்டும் நேரத்தில் படம் எடுக்க வந்த அந்தப் பையன், "அங்கிள், தோடா சைட்," என்று இடது கையால் என்னை ஒதுக்கினான். வலது கையில் இருந்தது என்னிடம் உள்ள அதே கேமரா. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் என் தோள்பட்டை மட்டும் பாதி விழுந்திருக்கிறது.

இந்த வருஷப் பூஜைக்கு மனைவி பீரோவிலிருந்து அந்தக் கேமராவை எடுத்து வைத்தாள். மூடியில் பொட்டு வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.