கூப்பிட்டால் வராத பூனை

கல்யாணமான புதிதில் நான் ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது காதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசப் பிடிக்காது. என் கணவருக்கோ வீட்டில் ஓர் உயிர் நடமாட வேண்டும். எங்கள் ஊர் நாய் ஒன்றை வாங்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். இருவரும் வேலைக்குப் போன பிறகு அது வாசலைப் பார்த்துக்கொண்டே கிடக்குமே என்று நான் மறுத்தேன். கடைசியில் பூனை என்று முடிவானது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக்கடை பாயின் மனைவி, யாராவது விட்டுவிட்டுப் போன பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்துக் கொடுக்கிறார் என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். எல்லாவற்றையும் அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதில்லை. ஒன்று அவர் நாத்தனார் வீட்டில் இருக்கும். இன்னொன்று பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டில். மம்சாபுரத்தில்கூட ஒரு வீடு உண்டு. நல்ல இடம் அமையும்வரை குட்டிகள் அங்கங்கே வளரும்.

கடைக்கு போன் போட்டு அந்த அக்காவிடம் கேட்டேன். “மொதல்ல வீட்டப் பாக்கணும்மா” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறி வந்தார். நேராகப் புறவாசலுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். “கெணறு இப்படித் தெறந்து கெடந்தா எப்படி? மூடுங்க. பொறவு பேசுவோம்.” காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

“ஒன்னயப் பொண்ணு கேட்டு வந்தப்பக்கூட ஒங்கப்பா எங்கிட்ட இம்புட்டுக் கேக்கல” என்று முணுமுணுத்துக்கொண்டே என் கணவர் கம்பிவலை வாங்கி வந்து கிணற்றை மூடினார்.

அடுத்து நாங்கள் அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். செவலைக் குட்டி ஒன்று ஓடிவந்து என் மடியில் ஏறியது. அதை ஏற்கெனவே வேறு யாருக்கோ சொல்லியாகிவிட்டதாம். அந்த அக்கா பீரோவுக்கு அடியில் கையைக் காட்டினார். குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வரிபோட்ட ஒரு பெண் பூனை, குட்டிப்பருவம் தாண்டியது, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.

“இது மடியில ஒக்காராது. கூப்பிட்டா வராது. தூக்குனாப் பிறாண்டும். அதான் யாரும் கேக்கல. ஒனக்குச் சம்மதமா?”

“கூப்பிட்ட கொரலுக்குப் பதில் சொல்றதுதான்க்கா எனக்கு வேலையே. கூப்பிடாத ஒரு சீவன் வீட்ல இருந்தாப் போதும்.”

அவர் சிரித்துவிட்டார். அது படுத்திருந்த பழைய சேலைத் துணியையும் சேர்த்து மூங்கில் கூடையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

வந்த உடனே பரணில் ஏறியதுதான். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும் தெரியும். மீன் வைத்த தட்டு காலையில் காலியாக இருக்கும். “பூனை வளக்கமா, தட்டு வளக்கமா?” என்பார் என் கணவர். பெயர் வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் “ஏட்டி” என்று அதட்டுவார். அதுவே பெயராக நின்றுவிட்டது.

ஒரு லீவு நாள் மத்தியானம் பரணில் அந்தக் கண்களைக் காணோம். அண்டாவை நகர்த்தினோம், அரிசி டிரம்மைக்கூடத் திறந்து பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு போன் செய்தேன். அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கண்டுபிடித்தது அவர்தான். குளியலறை ஓட்டின் மேல் படுத்து எங்கள் பரபரப்பையெல்லாம் அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்சிக் கூப்பிட்டார், நாக்கைத் தட்டினார், கொண்டுவந்த நெத்திலியைக் காட்டினார். அசையவில்லை. “ஒங்க பாடு, அது பாடு” என்று என் கணவர் அலுத்துப்போய்ப் புறவாசல் படியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

செத்த நேரத்தில் அது இறங்கியது. எங்கள் இருவரையும் தாண்டிப் போய், அவருக்குப் பக்கத்தில், ஆனால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அவர் பேப்பரைத் திருப்பாமல் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார். நாய் கேட்ட மனிதர்!

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பஞ்சுல நனைச்சுப் பால் குடுத்தவ நான். என்னயத் திரும்பிப் பாக்குதா பாரு.” பிறகு சிரித்தார். “கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா நல்லதுதாம்மா. இனி இது ஒங்க வீட்டுப் பிள்ள.”

நெத்திலிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். “வத்திராயிருப்புல ஒரு தோப்புல ரெண்டு குட்டி கெடந்துச்சுன்னு கொண்டாந்து குடுத்துருக்காக. எடம் அமையற வரைக்கும் ஒண்ண நீங்க வச்சிக்கிறீகளா? கெணறும் மூடியாச்சு.”

என் கணவரைப் பார்த்தேன். பூனை கலைந்துவிடும் என்று பயந்து, தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

அப்படித்தான் எங்கள் வீடும் அந்த வரிசையில் சேர்ந்தது. வந்த குட்டிகளெல்லாம் என் மடியில் ஏறி விளையாடி, வளர்ந்து, வேறு வீடுகளுக்குப் போயின. ஏட்டி ஒரு குட்டியையும் சேர்த்துக்கொள்ளவில்லை; விரட்டவும் இல்லை. கடைசிவரை என் மடியிலும் உட்காரவில்லை. நான் வேலை முடிந்து வரும்போது மட்டும் கதவு நிலையோரம் நின்று ஒரு பார்வை பார்க்கும்; நான் செருப்பைக் கழற்றியதும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.