அம்மாவின் பெயருக்கு முன்னால்

ராயபுரத்துக் குழாயடியில் நின்றுகொண்டு 'நான் மனோதத்துவம் படிக்கிறேன்' என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்துப் போர்ஷன் பிலோமினாக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மனைவி அவர். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

"அது இன்னா படிப்பு?"

"மனசைப் பத்தின படிப்புக்கா. மனசு எப்படி வேலை செய்யுது, ஏன் கெட்டுப்போகுது..."

"அய்யய்யோ! யாருக்குப்பா கெட்டுப்போச்சு? உனுக்கா, நைனாவுக்கா?"

நைனா என்று அவர் சொன்னது என் அப்பாவை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கூனில் எங்கள் தெருவில் இப்படி நடக்காது. அங்கே பர்மியப் பெண்கள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்; அடுத்த வீட்டுச் சமாசாரம் அடுத்த வீட்டோடு. இங்கே எல்லாரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, 'பர்மாக்காரங்க' என்று ஒதுக்கியும் வைக்கிறார்கள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது எனக்குள்ளும் இருந்த கேள்விதான்.

ஜப்பான் சண்டைக் காலத்தில் ரங்கூனை விட்டு நடந்தே வந்த நம்மவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் நால்வர் கிளம்பினோம்: அப்பா, அம்மா, நான், தங்கை ரெஜினா. மலைப்பாதையில் ஒரு முகாமில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். நோயாளிகளைப் பின்னால் லாரியில் அனுப்புவதாகச் சொல்லி, நடக்க முடிந்தவர்களை விரட்டினார்கள். அம்மா படுத்தபடியே கையை அசைத்து, "போங்க, பின்னாலயே வந்துடறேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் இறந்ததை யாரும் பார்க்கவில்லை. இருப்பதையும் யாரும் பார்க்கவில்லை. அப்பா விசாரிக்காத இடமில்லை. மதராசுக்கு வந்ததும் அவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சண்டை முடிந்து ரங்கூன் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, அது வரும் நாளெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டு துறைமுக கேட்டில் போய் நிற்பார். அம்மா வருவாள் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

கல்லூரியில் எங்கள் புரொபசர், தாங்க முடியாத உண்மையை மனம் எப்படி ஒப்புக்கொள்ளாமல் தள்ளி வைக்கிறது என்று ஒரு நாள் பாடம் நடத்தினார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் அப்பாவைப் பார்க்காமலே அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்! திரும்பி வரும் டிராமில், அப்பாவைப் பற்றி எனக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி ஒரு கர்வம். கூடவே பயமும்.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினாவுக்கு வரன் வந்தது. ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் பையன், எங்கள் கோவிலைச் சேர்ந்தவனே. ரெஜினாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. நம் கத்தோலிக்கர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகனுக்கும், இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகளுக்கும் திருமணம் என்று. பெற்றவர்களில் இறந்துபோனவர் இருந்தால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசிப்பார்கள். அம்மாவின் பெயருக்கு முன்னால் அதைச் சேர்க்கக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொண்ணோட அம்மா உசுரோட கீதா, செத்துப்போச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. உசுரோட கீதுன்னா எங்க கீது, யாரோட கீது? நாலு பேரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவுக்கு மன்சு செரியில்லன்னா அதையாவது சொல்லுப்பா. ஆனா அந்த மாதிரி வூட்ல பொண்ணு எடுக்க முடியாது, ஆமா."

பாருங்கள் எங்கள் நிலைமையை. அம்மா இருக்கிறாள் என்றால் கல்யாணம் நின்றுவிடும். அப்பாவுக்குச் சித்தம் சரியில்லை என்றாலும் நின்றுவிடும். அம்மா செத்தால்தான் என் தங்கை வாழ முடியும் என்று ஆகிவிட்டது.

"நீதானே மனசைப் படிக்கிறே? அப்பா மனசை மாத்தேன், பாப்போம்" என்று ரெஜினா அழுதாள்.

கல்லூரியில் ஒரு பரிசோதனை உண்டு. எதிரில் இருப்பவரிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டும்; முதலில் தோன்றுவதை அவர் யோசிக்காமல் பதிலாகச் சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே முள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முள்ளை எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாலை அப்பாவை எதிரில் உட்காரவைத்தேன். அவரும் விளையாட்டுப் போலச் சம்மதித்தார்.

"கடல்" என்றேன். "கப்பல்" என்றார். "மழை" என்றேன். "ரங்கூன்" என்றார். "சோறு" என்றதற்கு "ரெஜினா" என்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா" என்றேன்.

"வருவா" என்றார் அப்பா. ஒரு தடுமாற்றமும் இல்லை. கடலுக்குக் கப்பல் என்ற அதே வேகம். பிறகு சிரித்தபடி, "சரி, இப்ப நான் கேக்கறேன். யோசிக்காம சொல்லணும். அம்மா."

 'செத்துட்டா' என்று சொல்லத்தான் அவரை உட்காரவைத்திருந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. 'வருவா' என்றும் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அப்பா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "விடுடா. நாளைக்குக் கோவில்ல சாமியாரைப் பாத்துச் சொல்லிடறேன், ஓலையை அவங்க கேக்கற மாதிரியே வாசிக்கட்டும்னு. நான் காத்திருக்கறது என்னோட போகட்டும். ரெஜினா எதுக்குக் காத்திருக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. சாமியார் ஓலை வாசித்தார். 'காலஞ்சென்ற அன்னம்மாளுக்கும்' என்று கேட்டபோது ரெஜினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்தத் திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சாமியார் முடித்ததும் எனக்குப் பகீரென்றது. எழுந்து நின்று, 'எங்கள் அம்மா சாகவில்லை, சாமி' என்று கத்திவிடுவேனோ என்று பயந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா நிமிர்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ரெஜினா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பிலோமினாக்கா பாய்ந்து வந்து தடுத்தார்.

"அடியே, அடுப்புல கை வெக்காத! இன்னிக்கு இது சாவு வூடு."

அவர் கையில் சோறு, பின்னால் வந்தவர் கையில் கத்திரிக்காய்க் குழம்பு. அதுவரை எங்கள் வாசற்படி ஏறாத பெண்கள்கூட வந்து ரெஜினாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இத்தனை வருஷம் 'பர்மாக்காரங்க' என்றவர்கள், 'நம்ம புள்ளைங்க, தாயில்லாத புள்ளைங்க' என்றார்கள். ஊருக்குள் எங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அதற்கு நாங்கள் கொடுத்தது அம்மாவை. அந்த அன்பை ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

பிலோமினாக்கா மூக்கைச் சிந்திவிட்டு அப்பாவுக்குப் பரிமாறினார். "அன்னம்மாக்கா எப்டி இருப்பாங்க, நைனா? கண்ணால பாக்கக் குடுத்து வெக்கலியே."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வந்தா நீயே பாரேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிலோமினாக்காவின் கரண்டி மட்டும் நிற்கவில்லை.

"வரட்டும் நைனா, வரட்டும். நல்லா பாக்கறேன். நீ இன்னும் கொஞ்சம் கொயம்பு ஊத்திக்க."

அடுத்து என் தட்டிலும் சோறு விழுந்தது. அம்மா செத்ததற்கு வந்த சோறா, அம்மா வரும்வரை நாங்கள் உயிரோடிருக்க வந்த சோறா, எனக்குத் தெரியவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.