காப்பி தண்ணியில சேராது

கோணி ஊசி சாக்குத் துணிக்குள் இறங்கி மறுபக்கம் வந்தது. வலக்கை நூலை இழுத்து இறுக்கியது. இடக்கை விரல்கள் துணியைச் சும்மா பிடித்திருந்தன. அந்தக் கையின் முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி ஏறும் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. அதில் எதுவும் அழுந்த விடமாட்டாள்.

ஒச்சம்மாளுக்குப் போடியில் ஏலக்காய் பொறுக்கும் கூடத்தில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாள் சுளகு. ஈரக் காயைக் கலந்து எடை ஏற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருந்த கொஞ்சமும், தம்பி பெரியகருப்பன் டயாலிசிஸுக்கு வரத் தொடங்கியதும் போயிற்று.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவன் அவன். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் புத்தி சொல்வான். உடம்பில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறதென்று எடை பார்க்கும்போது செருப்பையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மூச்சிலும் அரைக் கிலோ இருப்பது போல.

"ஈரக் காயப் போட்டு எடை ஏத்துறவனாச்சும் லாபத்துக்குச் செய்றான். நீ யாரடா ஏமாத்துற, மெஷினையா?"

"நான் தண்ணிய அளந்துதான்க்கா குடிக்கிறேன்."

"எந்தத் தண்ணி? டாஸ்மாக் தண்ணியா?"

போன வாரம் குரங்கணி ரோட்டில் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு மூச்சுத் திணறிக் கிடந்தவனைத் தூக்கிவந்தார்கள். படுக்க முடியவில்லை; உட்காரவைத்தே மெஷினை மாட்டினார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். மூச்சு சீரானதும் பெரியகருப்பன் குலசாமி மேல் சத்தியம் செய்தான்: சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கவில்லை.

குலசாமி மேல் பொய்ச் சத்தியம் செய்கிற துணிச்சல் அவனுக்குக் கிடையாது. அதுதான் ஒச்சம்மாளை உறுத்தியது.

"காலையில என்னடா குடிச்ச?"

"காப்பி. பெறகு கஞ்சி. மேல போனதும் ஒரு காப்பி. மத்தியானம் ரசம், மோரு. எறங்கையில வெயிலுக்கு ஒரு எளநி."

"இதெல்லாம் என்ன?"

"இது எப்படிக்கா தண்ணியில சேரும்? காப்பி காப்பிதான. கஞ்சி சாப்பாடு."

நர்ஸ் ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்யன் என்று நினைத்திருந்தவரை தம்பியின் சாமர்த்தியத்தின் மேலாவது அவளுக்குக் கொஞ்சம் மதிப்பிருந்தது. பொய் சொல்ல மூளை வேண்டும்.

"எளநி நமக்கு வெசம்டா, இருதயத்தையே நிறுத்திரும். அப்பன் விட்டுட்டுப் போன சொத்து இந்தக் கிட்னிச் சீக்கு ஒண்ணுதான், ஆளுக்குப் பாதி. மூளைய மட்டும் எவனுக்கு எழுதிவச்சாரோ."

அன்று தொடங்கிய தையல்தான் இது. தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஓர் உறை, தோளில் மாட்ட வார், மட்டம் தெரிய நடுவில் ஒரு பிளவு. கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்து, நிரப்பிய பாட்டிலை உள்ளே செருகியபோது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. பெரியகருப்பன் கையில் கடைக் காப்பியோடு இறங்கினான்.

"இதென்னக்கா, நான் பால்வாடிக்கா போறேன்?"

ஜீப்பிலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"பால்வாடிப் பிள்ளைக்குச் சொன்னா வெளங்கும். இதுல இருக்கிறதுதான் டாக்டர் ஒனக்குச் சொன்ன ஒரு நாள் அளவு. எதைக் குடிச்சாலும் அதே அளவு இதுலருந்து கீழ ஊத்திரு. காலியானா வாயக் கட்டு."

"நல்ல தண்ணி வீணாப் போகுமேக்கா?"

"நீ போறதுக்கு அது போகட்டும்."

"வெரசா வாண்ணே!" என்றது ஜீப்பு. அவன் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பாட்டிலுக்குக் கையை நீட்டினான். ஒச்சம்மாள் கொடுக்கவில்லை. காலி கிளாசைப் பார்த்தாள்.

"மொதல்ல அதைக் கொண்டா."

வாங்கி, பாட்டிலிலிருந்து அந்தக் கிளாசை நிரப்பி அவனிடமே நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான், பிறகு மண்ணில் ஊற்றினான். பிளவில் மட்டம் இறங்கியிருப்பதை அவனுக்குக் காட்டிவிட்டு, மூடியைத் திருகி, வாரை அவன் தோளில் மாட்டினாள்.